காரோட்டிய நண்பன் எங்கே?

வட அமெரிக்கப் பயண எழுத்துக்கள் பற்றி ஒரு வாசகனின் குறிப்புகள்

2024ஆம் ஆண்டு மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர் என் நண்பர் ஒருவர் மூன்று சீ.ஆர். கொப்பிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவரும் என்னைப் போலப் பாடசாலை ஆசிரியர். முல்லைத்தீவு மாவட்டத்தில் இரு வேறு கிராமங்களில் நாங்கள் படிப்பிக்கிறோம். வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் ஒரே விடுதியில் இருந்த காலம் முதல், எழுதியதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு உண்டு. முதற் கொப்பியின் மேலட்டையில் 'வட அமெரிக்காவில் மூன்று வாரங்கள்' என்று அழகான கையெழுத்தில் இருந்தது. கனடாவில் வாழும் பால்ய காலத் தோழர் ஒருவரின் அழைப்பில் 2023இல் அவர் போய்வந்த பயணத்தின் குறிப்புகள் அவை. ரொறன்ரோ, நயாகரா, நியூயோர்க், வாஷிங்டன் என்று அந்தத் தோழரின் காரிலேயே சுற்றியிருக்கிறார்கள்.

'புத்தகமாப் போடப்போறன் மச்சான். அணிந்துரை நீதான்' என்றார்.

இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். அணிந்துரை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதை நேரில் போய்ச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'அணிந்துரையில சொல்ல ஏலாததைச் சஞ்சிகையில எழுது. என்ட பேர் மட்டும் வேணாம்' என்றார். அந்த அனுமதியோடுதான் இக்கட்டுரை எழுதப்படுகிறது. அச்சேறாத பிரதியொன்றை விமர்சிப்பது முறையா என்று வாசகர்கள் கேட்கலாம். அச்சேறிய பயண நூல்கள் பலவற்றிலும் நான் கண்ட குறைதான் இந்தக் கொப்பிகளிலும் இருக்கிறது. ஆதலால் இதைத் தனியொருவரின் குறையாகக் கொள்ளாமல், நமது பயண எழுத்தின் குறையாகவே பேச விரும்புகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். நண்பரின் நடை தெளிவானது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். தகவல்களில் பிழை கிடையாது. ரொறன்ரோவின் சீ.என். கோபுரம் 553 மீற்றர் உயரம், 1976இல் திறக்கப்பட்டது என்கிறார், சரி. நியூயோர்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி சிலை 1886இல் திறந்துவைக்கப்பட்டது, பிரான்ஸ் நாட்டு மக்களின் அன்பளிப்பு என்கிறார், அதுவும் சரி. நயாகராவின் குதிரை லாட வடிவ வீழ்ச்சி ஏறக்குறைய 57 மீற்றர் உயரம் என்று எழுதி, அதைத் தன் பாடசாலை வளவிலுள்ள தென்னைகளோடு ஒப்பிட்டும் காட்டுகிறார். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவருடைய கை அதில் தெரிகிறது.

ஆனால் இந்தத் தகவல்களைக் கொண்டுவர ஒருவர் முல்லைத்தீவிலிருந்து அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. என் வகுப்பிலுள்ள பிள்ளை தகப்பனின் கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடும். படமும் பார்த்துவிடும். நயாகராவின் இரைச்சலைக்கூடக் கேட்டுவிடும். பார்க்க வாய்ப்பில்லாதவனுக்குப் பார்த்தவன் எடுத்துச் சொல்வதே ஒரு காலத்தில் பயண நூலின் முழு வேலையாக இருந்தது. அந்த வேலையை இன்று வேறு கருவிகள் செய்கின்றன. பயண எழுத்தாளனுக்கு எஞ்சியிருப்பது ஒன்றுதான்: இந்த ஊரிலிருந்து போன இந்த ஆள், இந்த ஆளோடு சேர்ந்து நின்று பார்த்தபோது என்ன தெரிந்தது என்று சொல்வது. அதைப் படத்திலிருந்து எடுக்க முடியாது.

நயாகரா அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். நாங்கள் குளத்து நாட்டு மனிதர்கள். மாரியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்படுகின்றன என்று செய்தி வந்தால் மோட்டார் சைக்கிளில் பிள்ளை குட்டிகளையும் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போகிறவர்கள். முத்தையன்கட்டு வான் பாய்ந்தால் அந்தக் கிழமை முழுவதும் அதே கதைதான். தண்ணீர் விழுவதைப் பார்க்கிறபோது, யார் கதவைத் திறந்தது, எத்தனை அங்குலம் திறந்தது, கீழே யாருடைய வயல் என்று கேட்காமல் நம்மால் இருக்க முடியாது. அந்தக் கண்ணோடு போன ஒருவர் நயாகராவில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான். நயாகராவின் நீரும் அளந்து விடப்படுவதே. அமெரிக்காவும் கனடாவும் 1950இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, சுற்றுலாப் பருவத்தின் பகற்பொழுதில் வினாடிக்குக் குறைந்தது 1,00,000 கன அடி நீர் வீழ்ச்சியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி போதும். மிகுதியை இரு நாடுகளும் மின்சாரத்துக்கு எடுத்துக்கொள்கின்றன. அதாவது, பார்க்க ஆட்கள் நிற்கும் நேரத்தில் கூடுதலாகவும், ஆட்கள் போனபின் குறைவாகவும் விழுகின்ற அருவி அது. இரணைமடுவில் வளர்ந்த ஒரு விவசாயியிடம் இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். பிறகு நயாகராவை நம்மூர் வானைப் போலப் பார்க்கத் தொடங்குவார். நண்பர் இவ்விடத்தில், 'இயற்கையின் பேரதிசயம் கண்டு மெய்மறந்தோம்' என்று எழுதியிருக்கிறார். மெய்மறந்தவர் வன்னியையும் மறந்துவிட்டார் என்பதே என் முறைப்பாடு.

இது சிறிய குறை. ஒரு பந்தி சேர்த்தால் தீர்ந்துவிடும். பெரிய குறை வேறு.

கொப்பிகள் மூன்றிலும் ஓர் ஆள் வந்துகொண்டே இருக்கிறார். 'நண்பர் காரை நிறுத்தினார்.' 'நண்பர் நுழைவுச்சீட்டு எடுத்தார்.' 'நண்பர் எங்களைப் படம் பிடித்தார்.' பென்சிலால் அடிக்கோடிட்டு எண்ணினேன். பதினொரு இடங்களில் வருகிறார். பதினொரு இடங்களிலும் ஏதோவொரு வேலை செய்கிறார். ஓர் இடத்திலேனும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு எத்தனை வயது, என்ன தொழில், அந்த நாட்டுக்கு எப்போது, எப்படிப் போனார் என்பதெல்லாம் கொப்பிகளில் இல்லை. ரொறன்ரோவிலிருந்து நியூயோர்க் ஏறக்குறைய 800 கிலோமீற்றர். நமது தீவின் நீளத்தைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. அவ்வளவு தூரம் பக்கத்துப் பக்கத்து ஆசனத்தில் இருந்து போய்வந்த ஒருவரைப் பற்றி வாசகனாகிய எனக்குத் தெரிந்தது, அவருக்குக் கார் ஓடத் தெரியும் என்பது மட்டுமே.

புலம்பெயர்ந்த உறவினரின் வீட்டில் தங்கிச் சுற்றிப்பார்த்து எழுதப்படும் நம்மவரின் பயணக் கட்டுரைகள் பெரும்பாலானவற்றில் இதே நிலைமைதான். மைத்துனர் கார் ஓடுவார். மச்சாள் புட்டும் இறைச்சிக் கறியும் கட்டித் தருவார். நண்பர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வருவார். நன்றியுரையில் அவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். நூலுக்குள்ளே வருவது கோபுரங்களும் பாலங்களும். மணித்தியாலக் கணக்கில் சம்பளம் பெறும் ஒருவர் மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் இருப்பது எவ்வளவு பெரிய செலவு என்பதை நூலாசிரியர் கேட்பதில்லை. அந்த நாட்டின் வாழ்க்கை என்னவென்று அறிய அதைவிட நேரான வழி வேறு இல்லை. அமெரிக்காவையும் கனடாவையும் காரின் கண்ணாடிக்கு வெளியே தேடுகிறார்கள். அது பக்கத்து ஆசனத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது.

பழைய பயணிகள் இதில் நம்மைவிடக் கவனமானவர்கள். இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு இப்னு பதூதாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1344இல் புத்தளத்தில் வந்திறங்கியவர், ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்துப் பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும் என்று கேட்டார். மன்னன் பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பினான். அந்த வழித்துணையில் யோகிகள் இருந்தார்கள், பிராமணர்கள் இருந்தார்கள், சாமான் சுமப்பவர்கள் இருந்தார்கள் என்பதை எண்ணிக்கையோடு அவர் நினைவுவைத்துச் சொல்லியிருக்கிறார். சொல்லியிருக்கிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. அவருடைய 'ரிஹ்லா' அவர் தனியே இருந்து எழுதியதன்று. ஊர் திரும்பியபின் மொரோக்கோ சுல்தானின் கட்டளைப்படி அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் இப்னு ஜுஸை. மார்க்கோ போலோவின் கதையும் அப்படியே. ஜெனோவாச் சிறையில் உடன் இருந்த ருஸ்டிசெல்லோ என்பவர் எழுதியதே அந்நூல். உலகப் பயண இலக்கியத்தின் இரு பெரும் நூல்களும் இருவர் சேர்ந்து இருந்ததால் கிடைத்தவை. கேட்பதற்கு ஓர் ஆள் முன்னால் இருக்கும்போது எது சொல்லத்தக்கது என்பது பயணிக்கே தெளிவாகிறது என்று நினைக்கிறேன்.

தமிழில் 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற பெயருக்கு உரியவர் ஏ.கே. செட்டியார். புகைப்படக் கலை படிக்க நியூயோர்க் போனவர். அங்கிருந்து 1937 ஒக்டோபரில் கப்பலில் திரும்பும்போதுதான் காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. நாடு நாடாக அலைந்து படத்துண்டுகளைச் சேகரித்து 1940இல் அப்படத்தை வெளியிட்டார். இவ்வளவு செய்த மனிதர் தன் எழுத்தில் தன்னை முன்னே நிறுத்தவேமாட்டார். சிறிய வாக்கியங்கள். தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிவந்தால் ஒரு சிரிப்போடு ஒதுங்கிவிடுவார். அந்த ஒதுக்கம் மற்றவர்களுக்கு இடம் விட்டது. ஒரு நாட்டைப் பற்றி அவர் சொல்வது பெரும்பாலும் அங்கே சந்தித்த ஆட்களின் பேச்சாகவும் பழக்கமாகவும் இருக்கும். என் நண்பரும் தன்னை ஒதுக்கிக்கொள்பவர்தான். ஆனால் தன்னோடு சேர்த்துத் தோழரையும் ஒதுக்கிவிட்டார். அடக்கம் ஒன்று, மறைத்தல் வேறொன்று.

மற்றையது அசோகமித்திரனின் 'ஒற்றன்'. 1973இல் அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கியிருந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய நாவல் அது. 1985இல் நூலாயிற்று. நாவலா, பயணக் கதையா, சிறுகதைத் தொகுதியா என்று இன்றுவரை பேசுகிறார்கள். அது எந்த வகை என்பதில் எனக்கு அக்கறையில்லை. நூலை மூடியபின் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கிறேன். எந்தக் கட்டடமும் மிஞ்சவில்லை. எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஓர் எழுத்தாளருடன் ஏற்படும் உரசல் மிஞ்சுகிறது. தான் எழுதவிருக்கும் நாவலுக்குப் பெரிய வரைபடம் போட்டு வைத்திருக்கும் தென்னமெரிக்க எழுத்தாளர் மிஞ்சுகிறார். குளிர் மிஞ்சுகிறது. பல நாட்டு எழுத்தாளர்கள் ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளப் படும் பாடும், விளங்கிக்கொள்ளாமல் போவதும் மிஞ்சுகின்றன. அமெரிக்காவைப் பார்த்தேன் என்று அவர் அட்டவணை போடவில்லை. கூட இருந்தவர்களைப் பார்த்தார். அதன் வழியே அமெரிக்கா தெரிகிறது. வட அமெரிக்காவுக்குப் போய்வந்து எழுத நினைக்கும் எவரும் முதலில் படிக்க வேண்டிய தமிழ் நூல் இதுவே என்பேன்.

நமது ஈழத்து எழுத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. நம்மவர்களில் வட அமெரிக்காவைப் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் சுற்றுலா போனவர்கள் அல்லர். 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், பனிமூட்டத்தில் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை ஒரு மீன்பிடிப் படகின் தலைவர் கண்டு காப்பாற்றினார். 2010 ஓகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அட்லாண்டிக் பக்கமாக ஒரு கூட்டம், பசுபிக் பக்கமாக ஒரு கூட்டம். அவர்கள் கண்ட வட அமெரிக்காவின் முதற் காட்சி கோபுரமோ அருவியோ அன்று. ஒரு மீனவனின் முகம் அல்லது ஓர் அதிகாரியின் படிவம். பிற்காலத்தில் இவர்களைப் போன்றவர்களே சுற்றுலா வரும் நமக்குக் கார் ஓட்டுகிறார்கள். ரொறன்ரோவிலிருந்து 'காலம்' சஞ்சிகையை நடத்திவரும் செல்வம் அருளானந்தம், தன் பாரிஸ் அகதி வாழ்க்கையை 'எழுதித் தீராப் பக்கங்கள்' என்று எழுதினார். சிரிக்கச் சிரிக்க எழுதப்பட்ட துயரம் அது. ரொறன்ரோவிலேயே வாழும் அ. முத்துலிங்கம் தன் கட்டுரைத் தொகுதி ஒன்றுக்கு 'அங்கே இப்ப என்ன நேரம்?' என்று பெயர் வைத்தார். தொலைபேசியை எடுத்ததும் நாமெல்லாம் முதலில் கேட்கும் கேள்வி அதுதானே. அங்கே வாழ்பவர்கள் தங்கள் கதையை எழுதத் தொடங்கிவிட்டார்கள். இங்கிருந்து போய்வருபவர்கள்தான் இன்னும் உயரங்களை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இவ்விடத்தில் நானே எனக்கு எதிராக ஒரு வாதத்தை வைக்க வேண்டும். என் நண்பர் பத்து வயதில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டபோது, முல்லைத்தீவிலிருந்து உடுத்த உடையோடு போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. இப்னு பதூதா இறங்கிய அதே புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் வளர்ந்தார். 2009க்குப் பிறகுதான் திரும்பி வந்தார். அப்படிப்பட்ட ஒருவர் வாழ்க்கையில் ஒரு தடவை, எல்லா நாட்டு மனிதரையும் போலக் கழுத்தில் கெமராவைப் போட்டுக்கொண்டு, துயரம் எதுவும் பேசாமல், 'ஆகா எவ்வளவு உயரம்' என்று வியந்து நிற்கக் கூடாதா? எங்கே போனாலும் நாம் இடம்பெயர்வைத் தூக்கிக்கொண்டே போக வேண்டுமா? வன்னியில் பிறந்தவன் அருவியைப் பற்றி எழுதினாலும் அதில் இரத்தம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது விமர்சகனின் கொடுமை அல்லவா?

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். வெறும் மகிழ்ச்சியும் எழுதத்தக்கதே. நண்பர் நியூயோர்க் தெருவோரத்தில் கடலை வறுக்கும் வாசனையில் வற்றாப்பளை வீதியின் கடலைக்காரரை நினைத்துச் சிரித்ததாக எழுதும் பந்தி அருமையானது. அப்படி நூல் முழுவதும் இருந்திருந்தால் நான் ஒரு சொல்லும் பேசியிருக்கமாட்டேன். ஆனால் கொப்பிகளில் வேறு சில இடங்களும் இருக்கின்றன. அவற்றில் மகிழ்ச்சி இல்லை. ஒரு கதவை அவசரமாகச் சாத்திவிட்டுப் போகிற சத்தம் கேட்கிறது.

ஒன்று, நயாகராவிலிருந்து அமெரிக்கப் பக்கம் போகும் ரெயின்போ பாலம். 'அதிகாரிகள் விசாரித்தபின் அனுமதித்தனர்' என்று ஒரே வரி. 2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்டபின் ஓமந்தையில் எத்தனை தடவை வரிசையில் நின்றிருப்போம். இறங்கு, நட, பையைத் திற, அடையாள அட்டையைக் காட்டு, ஏறு. அதற்கு முன் 'பாஸ்' இல்லாமல் எவரும் அசைய முடியாத வருடங்கள். அந்தக் காலத்து மனிதர் ஒருவர், அதே ஊரில் பிறந்த தோழரோடு, இருவரும் இரு நிறக் கடவுச்சீட்டுக்களை நீட்டிக்கொண்டு ஒரு சோதனைச் சாவடியைக் கடக்கிறார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் இருவருக்கும் ஒரே ஊர். அவருக்கு அங்கே எதுவும் தோன்றவில்லை என்பதை நான் நம்பவில்லை.

மற்றொன்று, வாஷிங்டனிலுள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவர். 'கருங்கற் சுவரில் இறந்த வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பார்த்துவிட்டு லிங்கன் மண்டபத்துக்கு நடந்தோம்.' இவ்வளவுதான். 1982இல் திறக்கப்பட்ட அந்தச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அதை வடிவமைத்த மாயா லின் அப்போது பல்கலைக்கழக மாணவி. சீனாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளை. பெயர்கள் அகர வரிசையில் இல்லை, இறந்த நாள் வரிசையில் இருக்கின்றன. ஒரே நாளில் இறந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். கல் பளபளப்பாக இருப்பதால் படிக்கிறவரின் முகம் பெயர்களுக்கு மேல் தெரியும். அந்தப் போரில் இறந்த வியட்நாமியர்களின் பெயர்கள் அதில் இல்லை. முல்லைத்தீவிலிருந்து போன இருவர் அந்தச் சுவரின் முன் நின்று, எந்தப் பெயர் எழுதப்படும், எந்தப் பெயர் எழுதப்படாது என்று ஒரு கணம் யோசிக்காமல் அப்பால் நடந்திருப்பார்களா?

இதைத்தான் நான் அவரிடம் நேரில் கேட்டேன். 'வாஷிங்டன்ல உன்ட கூட்டாளி என்ன சொன்னவர்?'

அவர் தேநீரை இரண்டு தடவை ஆற்றினார். பிறகு சொன்னது வாஷிங்டனைப் பற்றி அன்று, நயாகராவைப் பற்றி. அவர் அனுமதித்த அளவுக்கு இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தோழர் அவருடைய அயல்வீட்டுத் தமிழ்ப் பையன். ஐந்தாம் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். 1990 ஒக்டோபரில் அந்தக் காலையில் பிரிந்தவர்கள். அதன்பின் இவர் புத்தளத்தில். அவர் 1999 வரை ஊரில். பிறகு எத்தனையோ நாடுகளைத் தாண்டிக் கனடாவில் பார ஊர்தி ஓட்டுநர். முகநூலில் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். 33 வருடங்களின் பின் ரொறன்ரோ விமான நிலையத்தில்தான் நேரில் சந்தித்தார்கள். முதல் நான்கு நாட்கள் இருவரும் ஊரைப் பற்றிப் பேசவே இல்லையாம். கோபுரம், கடை, சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு. ஐந்தாம் நாள் நயாகராவில், கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி தோழர் சொன்னாராம்:

'மச்சான், உங்கட சிவலைப் பசு பிறகு மூண்டு கண்டு போட்டது. உங்கட உம்மா எங்கட அம்மாட்டக் குடுத்திட்டுப் போனவா எல்லோ. அம்மா பால்காசை ஒரு கொப்பியில எழுதி வைச்சுக்கொண்டே வந்தவ. திரும்பி வந்தாக் குடுக்கோணும் எண்டு. 2009இல ஓடேக்க கொப்பியும் போச்சு, மாடும் போச்சு. எவ்வளவு எண்டு எனக்குத் தெரியாது மச்சான்.'

'நீ என்ன சொன்னாய்?' என்று கேட்டேன்.

'ஒண்டும் சொல்லல்ல. உம்மா மௌத்தாகிற வரைக்கும் அந்த மாட்டைப் பத்திச் சொல்லுவா. அவங்க வித்துத் திண்டிருப்பாங்க எண்டுதான் நாங்க நினைச்சிருந்தம். அதை அவனுக்கிட்ட எப்பிடிச் சொல்ற?'

வீட்டுக்கு வந்து இரண்டாம் கொப்பியை மறுபடியும் திறந்து பார்த்தேன். நயாகரா அத்தியாயத்தின் கடைசி வாக்கியம் இது: 'அருவியின் சாரல் எங்கள் முகங்களை நனைத்தது.' முதல் தடவை படித்தபோது பழகிப்போன வாக்கியம் என்று கோடிட்டு வைத்திருந்தேன். நண்பர் பொய் எழுதவில்லை. ஆனால் நனைந்த முகங்கள் இரண்டு என்பதையும், அவை யாருடையவை என்பதையும் வாசகனுக்குச் சொல்லவில்லை.

நமது இரு சமூகங்களும் 1990ஐப் பற்றி நிறையப் பேசியிருக்கின்றன. அறிக்கைகள் வந்திருக்கின்றன, கவிதைகள் வந்திருக்கின்றன, கண்டனங்களும் மன்னிப்புகளும் வந்திருக்கின்றன. அவை வேண்டியவையே. ஆனால் ஒரு தாய் பக்கத்து வீட்டாரின் பால்காசைப் பத்தொன்பது வருடங்கள் கொப்பியில் எழுதி வந்தாள் என்பதும், மற்றத் தாய் அவளைச் சந்தேகித்தபடியே மௌத்தானாள் என்பதும் எந்த அறிக்கையிலும் வராது. இந்த இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவரக்கூடிய வடிவம், இரு நண்பர்கள் ஒரு காரில் சுற்றித் திரிந்த கதைதான். வெளியே வேற்று நாடு ஓடிக்கொண்டிருக்கும்போது, யாருக்கும் தங்களைத் தெரியாத இடத்தில், ஊரில் பேச முடியாததைப் பேச முடிகிறது. பயணத்தின் பயன் அதுவென்றால் பயண இலக்கியத்தின் பயனும் அதுவே. கோபுரத்தின் உயரம் அதற்குப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், நீக்கச் சொல்லவில்லை.

அதை எழுதுவதா வேண்டாமா என்பது நண்பரின் உரிமை. தோழரிடமும் கேட்க வேண்டும். அவர் 'வேண்டாம்' என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் 'நண்பர் காரை நிறுத்தினார்' என்ற வாக்கியத்தை மட்டும் இனி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பெயரில்லாவிட்டாலும் பரவாயில்லை, அவர் ஒரு வார்த்தை பேசட்டும்.

போன கிழமை நண்பர் கொப்பிகளை வாங்கிக்கொண்டு போனார். இரவில் ரொறன்ரோவுக்கு அழைப்பு எடுத்துப் பேசியதாகப் பிறகு சொன்னார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. நயாகரா அத்தியாயம் திரும்பி என் மேசைக்கு வரட்டும். அணிந்துரைக்கு வெள்ளைத்தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.